கணக்கில் வராத புறாக்கள்

புறாப் பந்தயச் சங்கத்தின் வேலையில் பெரும்பகுதி சந்தேகப்படுவது. பிரிட்டனில் இந்த விளையாட்டுக்குத் தேசிய அமைப்பு 1896இல் உருவானது. சுரங்கத் தொழிலாளர் நிறைந்த வடகிழக்கு இங்கிலாந்தில், ஊர்ச் சங்கங்களை ஒரே பந்தயத்தில் சேர்க்கும் 'அப் நார்த் கம்பைன்' 1905இல் வந்தது. இன்றுவரை அந்த வட்டாரச் சங்கங்களின் நடைமுறை ஒவ்வொரு படியிலும் ஏமாற்றுக்காரனை எதிர்பார்த்தே அமைந்திருக்கிறது. குஞ்சுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்போதே காலில் மூட்டில்லாத வளையத்தை மாட்டிவிடுகிறார்கள். பாதம் வளர்ந்தபின் அதைக் கழற்ற முடியாது, அதிலுள்ள எண்ணை மாற்றவும் வழியில்லை. பந்தயத்துக்கு முந்தைய மாலை சங்கக் கட்டடத்துக்குக் கூடைகள் வந்துசேரும். முன்பெல்லாம் ஒவ்வொரு புறாவுக்கும் இன்னொரு காலில் எண்ணிட்ட ரப்பர் வளையம் மாட்டுவார்கள். கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு வைத்துப் பூட்டி முத்திரையிட்டுக் கொடுப்பார்கள். மறுநாள் வீடு திரும்பிய புறாவைப் பிடித்து, ரப்பரை உருவி, கடிகாரத்துக்குள் போட்டுத் திருகினால் நேரம் பதிவாகும். மாலையில் எல்லாக் கடிகாரங்களையும் கூட்டத்தின் நடுவில்தான் திறப்பார்கள். இப்போது சில்லு பொருத்திய வளையமும், கூண்டு வாசலில் மின்னணுத் தட்டும் அந்த வேலையைச் செய்கின்றன. கருவி மாறினாலும் சந்தேகம் அப்படியே இருக்கிறது.

இந்தச் சந்தேகத்தைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. சங்க அமைப்பின் முதல் பெருமையே இதுதான். தொடக்கக்கோடு எல்லோருக்கும் ஒன்று, முடிவுக்கோடு ஆளுக்கொன்று என்னும் விசித்திரமான ஓட்டம் இது. ஒவ்வொரு கூண்டும் வேறு வேறு தொலைவில் இருப்பதால், முதலில் வீடு சேர்ந்த புறா வென்றதாக ஆகாது. விடுவித்த இடத்திலிருந்து கூண்டுவரை உள்ள தூரத்தை நுணுக்கமாக அளந்து, எடுத்த நிமிடங்களால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை கஜம் பறந்தது என்று பார்க்கிறார்கள். நம் வசதிக்கு மீட்டரில் சொன்னால், 300 கிலோமீட்டரை 240 நிமிடத்தில் கடந்த புறாவின் வேகம் நிமிடத்துக்கு 1,250 மீட்டர். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு நான்கு நிமிடம் தாமதமாக வந்த புறாவின் வேகம் 1,254 மீட்டர், பரிசு அதற்குத்தான். இந்த வகுத்தல் கணக்கில் வீட்டின் அளவும் உரிமையாளரின் தகுதியும் நுழைவதில்லை. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் 1886இல் அன்பளித்த பறவைகளிலிருந்து தொடங்கிய சாண்ட்ரிங்ஹாம் அரச கூண்டையும், சுரங்கத் தொழிலாளியின் கொல்லைக் கூண்டையும் அது ஒன்றாகவே அளக்கிறது. சந்தேகம் தளர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சீன உதாரணம் போதும். 2017இல் ஷாங்காய் பந்தயமொன்றில் இருவர் தங்கள் புறாக்களைப் பால் அட்டைப்பெட்டிகளில் ஒளித்து அதிவேக ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து முதலிடங்களைப் பிடித்தார்கள். மறு ஆண்டு நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது.

அந்த வகுத்தலிலும் ஓர் ஓட்டை உண்டு. புறாக்கள் கூட்டமாகவே கிளம்புகின்றன, நெடுந்தூரம் கூட்டமாகவே பறக்கின்றன. மேற்கிலிருந்து காற்று அடித்தால் கூட்டம் கிழக்கே ஒதுங்குகிறது. அந்தப் பக்கம் கூண்டு வைத்திருப்பவருக்கு அன்று யோகம். எதிர்க்காற்று நாளில் அருகிலிருக்கும் கூண்டுகளுக்கும், பின்காற்று நாளில் தொலைவில் இருப்பவற்றுக்கும் சாதகம். விடுவித்த இடத்தில் வட்டமிட்டுத் திசை பிடிக்கும் நிமிடங்களும், வீட்டுக் கூரையில் இறங்கியும் உள்ளே நுழையாமல் உட்கார்ந்திருக்கும் நிமிடங்களும் நீண்ட பயணத்தில் கரைந்துபோகும். குறுகிய பயணத்தில் தோல்வியையே தந்துவிடும். ஆக, வேகப்பட்டியல் புறாவை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓரளவு நிலப்படத்தையும் அளக்கிறது. ஆனால் இதைச் சங்கத்தார் எல்லோரும் அறிவார்கள், அதைப் பற்றிச் சலிக்காமல் சண்டையும் போடுவார்கள். பரந்த வட்டாரத்தைப் பிரிவுகளாக்கித் தனித்தனிப் பரிசு தருவது அதனால்தான். தெரிந்த குறையோடு ஒரு விளையாட்டு நேர்மையாக வாழ்ந்துவிடலாம். எனவே இந்த முறையின் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு இது இல்லை.

என் குற்றச்சாட்டு முடிவுப் பட்டியலின் அமைப்பைப் பற்றியது. எத்தனை பேர் எத்தனை புறாக்களை அனுப்பினார்கள் என்று அதன் தலைப்பில் இருக்கும். அடுத்து வென்றவற்றின் பெயரும் வேகமும் தசமப் புள்ளிவரை வரும். அனுப்பியவற்றில் எத்தனை வீடு சேர்ந்தன என்ற வரி வழக்கமாக இருக்காது. நொடியைக் கூடத் தவறவிடாத சங்கம் உயிரை எண்ண மறந்துவிடுகிறது. பேரிழப்பு நேரும்போது மட்டுமே அந்த எண் வெளியே வருகிறது. 1997 ஜூன் 29 அன்று, தேசியச் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி பிரான்சின் நான்ட் நகரில் 60,000க்கும் மேற்பட்ட புறாக்களை விடுவித்தார்கள். திரும்பியவை சில ஆயிரங்களே. பாரிசிலிருந்து நியூயார்க் சென்ற கான்கார்ட் விமானத்தின் ஒலி அதிர்ச்சி, புறாக்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் நேரத்தில் குறுக்கிட்டு அவற்றின் திசையறிவைக் குழப்பியிருக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹேக்ஸ்ட்ரம் பிற்பாடு விளக்கம் தந்தார். 2021 ஜூனில் ஒரு சனிக்கிழமை பிரிட்டன் முழுதும் இதே கதை நடந்தது. பீட்டர்பரோவிலிருந்து வடகிழக்குக்கு விட்ட சுமார் 9,000 புறாக்கள் மூன்று மணி நேரத்தில் வந்திருக்க வேண்டும். இருட்டும்வரை பெரும்பாலானவை வரவில்லை. சூரியப் புயலா, வானிலையா என்ற விவாதம் எழுந்தது. இந்த இரண்டு நாட்களும் செய்தியானது எண்ணிக்கை பெரிதாக இருந்ததால். ஒரு சாதாரணச் சனிக்கிழமையில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ வராமல் போனால் அது யாருடைய ஏட்டிலும் ஏறுவதில்லை. வழக்கமான இழப்பு எவ்வளவு என்று பதிவில்லாத இடத்தில், அசாதாரண இழப்புக்குக் காரணம் தேடுவது அடிப்படையே இல்லாத ஆராய்ச்சி.

ஏட்டில் ஏறாத இழப்பு நடத்தையையும் வளைக்கிறது. வேகத்தில் முந்தும் ஒரு புறாவுக்கே பரிசு என்றால், ஐந்து புறாக்களை அனுப்புபவரைவிட நாற்பதை அனுப்புபவருக்கு வாய்ப்பு அதிகம். நாற்பதில் பதினைந்து தொலைந்தாலும், மீதியில் ஒன்று முந்தி வந்தால் அவர் வெற்றியாளர். ஐந்தை அனுப்பி ஐந்தையும் பத்திரமாகத் திரும்பப் பெற்றவரின் பொறுமைக்கும் பயிற்சிக்கும் பட்டியலில் இடமில்லை. நிறைய குஞ்சு பொரிக்க வை, பருவம் முழுக்கச் சலித்தெடு, மிஞ்சியதை வம்சத்துக்கு வை என்ற தந்திரம் இந்த விதியின் இயல்பான விளைச்சல். வேகம் போதாதவற்றைக் கழித்துக்கட்டும் வழக்கமும் இதோடு சேர்ந்ததே. வம்சத்தின் விலை எங்கே போகும் என்பதை 2020 நவம்பரில் பெல்ஜியத்தில் 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போன 'நியூ கிம்' என்ற பெட்டை காட்டியது. ஊர்ச் சங்கத்தின் பரிசுப் பணம் அற்பம்தான். இருந்தாலும் அங்கே வெல்லும் ரத்தத்துக்குக் கிடைக்கும் பெயரில் அந்த ஏலச் சந்தையின் நிழல் விழுகிறது.

புறா வளர்ப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதில்கள் எளிதில் தள்ளக்கூடியவை இல்லை. தன் பறவை தொலைவதை விரும்பும் மனிதன் உண்டா என்பது முதல் கேள்வி. இல்லை, சனிக்கிழமை மாலை வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவரின் வருத்தம் நிஜம். ஆனால் தனிமனித வருத்தம் விதியாகாது. வருத்தப்படுபவரும் வருத்தப்படாதவரும் ஒரே பட்டியலில் ஒரே அளவுகோலால் வரிசைப்படுத்தப்படும்வரை, வருத்தப்படுபவருக்குத்தான் நட்டம். வல்லூறு தின்றுவிடுகிறது, நாங்கள் என்ன செய்வது என்பது அடுத்தது. பூச்சிக்கொல்லிகளால் அருகிப்போன பொரி வல்லூறு பிரிட்டனில் மீண்டும் பெருகியிருப்பது உண்மை. அது பந்தயப் புறாவைப் பிடிப்பதும் உண்மை. அப்படியானால் எந்தப் பாதையில், எந்த மாதத்தில் இழப்பு கூடுகிறது என்று எண்ணி வைப்பதுதானே அவர்கள் வாதத்துக்கே பலம்? காட்டுப் புறாக்களிலும் முதல் ஆண்டைத் தாண்டாதவை ஏராளம் என்ற வாதமும் உண்டு. காட்டுப் புறாவை எவரும் லாரியில் ஏற்றி அறியாத ஊரில் விடுவதில்லை. ஒப்பிடுவதானால், அதே கூண்டில் பந்தயத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் புறாவோடு ஒப்பிட வேண்டும்.

புறா வீடு திரும்புவது அதன் சொந்த விருப்பம், யாரும் சாட்டையால் அடித்து ஓட்டுவதில்லை என்பது இன்னொரு வாதம். பாதி சரி. சூரியனின் நிலை, நிலக் காந்தம், மணம், பழகிய நிலப்பரப்பு என்று பலவற்றையும் சேர்த்துப் பறக்கும் இந்த உயிரின் திறமை இயல்பானது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்ததில், சில புறாக்கள் நெடுஞ்சாலைகளை ஒட்டிப் பறந்து சந்திப்புகளில் திரும்பியதும் தெரியவந்தது. அந்தச் செய்தியை முதலில் படிப்பவர் எவரும் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த விருப்பத்தைக் கூர்தீட்டுவது மனிதன். ஜோடியைப் பிரித்து வைத்து, பந்தயத்துக்கு முன் சற்று நேரம் மட்டும் பெட்டையைக் காட்டிச் சேவலை அனுப்பும் முறை ஐரோப்பாவில் மிகப் பரவலானது. எந்த வானிலையில், எவ்வளவு தொலைவில், எந்த வயதில் விடுவிப்பது என்ற முடிவு எதிலும் புறாவுக்குப் பங்கில்லை. அந்த முடிவுகளை எடுப்பவர்கள் சங்க நிர்வாகிகளும், கூடைகளோடு போய் விடியற்காலையில் வானத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் பொறுப்பாளரும். வானம் சரியில்லை என்று ஒரு நாள் காத்திருந்தால் உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள். அவசரப்பட்டு விட்டுவிட்டால் அதன் விளைவைக் காட்டும் எண் எங்குமே பதிவாவதில்லை. பொறுமைக்கு வசையும் அவசரத்துக்கு மறதியும் கிடைக்கும் ஏற்பாடு இது.

திரும்பியவற்றை எண்ணுவதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது, தாமதமாக வரும் புறாவை யார் காத்திருந்து எழுதுவது என்று கேட்கலாம். ரப்பர் வளையக் காலத்தில் இது நியாயமான கேள்வி. இரண்டு மூன்று பறவைகளுக்கு மேல் எவரும் பதிவு செய்ய மாட்டார்கள். மின்னணு முறையில், கூடையில் ஏறிய ஒவ்வொரு எண்ணும் பட்டியலில் இருக்கிறது. வாசல் தட்டை மிதித்து உள்ளே வரும் ஒவ்வொன்றும் தானாகப் பதிவாகிறது. அடுத்த வாரக் கூடை ஏற்றும் மாலையில் இரண்டையும் ஒப்பிட்டால் போதும். வழியில் களைத்து வேறொருவர் கூரையில் இறங்கும் புறாவையும் கால் வளையம் காட்டிக்கொடுத்துவிடும். எதிரிகள் கையில் ஆயுதம் கொடுப்பதாகாதா என்ற அச்சமே உண்மையான தடை என்று நினைக்கிறேன். உறுப்பினர் தொகை பல ஆண்டுகளாகச் சரியும் அமைப்புக்கு அந்த அச்சம் வருவது இயற்கை. ஆனால் பீட்டா போன்ற விலங்குரிமை அமைப்புகள் கால்வாய் தாண்டும் பந்தயங்களை உயிர்ப்பலி என்று ஏற்கெனவே குற்றம் சாட்டிவிட்டன. பதிவேடு இல்லாத தரப்பால் அந்தக் குற்றச்சாட்டை மிகை என்றும் சொல்ல முடியாது, மெய் என்று ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளவும் முடியாது.

சென்னையின் 'ஹோமர்' பந்தயப் புறாச் சங்கங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசரமானது. வடக்கே ஆந்திரத்துக்கும் அதற்கப்பாலும் கூடைகளைக் கொண்டுபோய் விடுகிறார்கள். வெயில் முற்றுவதற்குள் பருவத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் மழையும் மூடுபனியும் செய்வதை இங்கே வெப்பமும் தண்ணீரில்லாத நெடுவழியும் செய்யும். எத்தனை கிலோமீட்டருக்கு மேல், எந்த வாரத்துக்குப் பின் இழப்பு சட்டென்று ஏறுகிறது என்பதை இங்கிலாந்தின் பட்டியலைப் பார்த்து அறிய முடியாது; இங்குள்ள பதிவிலிருந்துதான் அறிய வேண்டும். அதற்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. முடிவுப் பட்டியலில் திரும்பியவற்றின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி. பருவ இறுதிச் சாம்பியனைத் தேர்வு செய்யும்போது வேகத்தோடு திரும்பிய விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு விதி. அனுபவமில்லாத பறவைகள் முதன்முறையாகத் தொலைதூரம் போகும் இளம்புறாப் பந்தயங்களில் இதைத் தொடங்கலாம். இரண்டு பருவங்களின் எண்கள் கைக்கு வந்தபின், அந்தப் பந்தயங்களின் தூரத்தைக் குறைப்பதா என்பதை ஆண்டுப் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.