டாப்பெட்டா, பின்னா?

ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974-ல் வெளிவந்தது. 121 பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள், அப்புறம் லட்சக்கணக்கில் விற்றது. வாங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை போனார்கள் என்பது வேறு விஷயம். இதில் மோட்டார் சைக்கிள் சமாசாரம் அப்படியொன்றும் பிரமாதமில்லை என்று ஆசிரியரே முன்குறிப்பில் ஒப்புக்கொண்டு விடுகிறார். தத்துவத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. ரிப்பேரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. வண்டி வேகத்தில் ஸீஸ் ஆகிறது. பட்டறையில் விடுகிறார். உள்ளே ரேடியோ அலறுகிறது. பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டே கழற்றுகிறார்கள். சத்தம் கேட்ட மாத்திரத்தில் ஒருவன் 'டாப்பெட்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். வண்டி போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. நடுவில் சுத்தியல் பட்டு இன்ஜின் ஃபின்கள் உடைகின்றன. கடைசியில் இவரே கண்டுபிடிக்கிறார்: ஆயில் போகிற வழியில் இருபத்தைந்து சென்ட் பின் ஒன்று முறிந்திருக்கிறது. அதிவேகத்தில் ஹெட்டுக்கு ஆயில் ஏறவில்லை.

அந்தப் பையன்களுக்கு வேலையில் அக்கறை இல்லை, அதுதான் வியாதி என்கிறார் பிர்ஸிக். புத்தகமே இதன்மேல்தான் எழும்புகிறது. பாதி சரி. ஆனால் அக்கறையோடு வேலை செய்கிற மெக்கானிக்கும் அங்கே 'டாப்பெட்' என்று சொல்லியிருக்கலாம். ஆயில் இல்லாத ஹெட்டும் லூஸான டாப்பெட்டும் கிட்டத்தட்ட ஒரே பாஷை பேசும். அதைப் பிரித்தறிய மனசு சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, காதுக்கும் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பு புத்தகத்தில் இல்லை. ரேடியோ விஷயத்திலும் அவர் கொஞ்சம் அவசரப்படுகிறார். நம் ஊர்ப் பட்டறைகளில் எஃப்.எம். ஓடிக்கொண்டேதான் இருக்கும். நல்ல மெக்கானிக், ஸ்க்ரூ டிரைவரை இன்ஜின்மேல் ஊன்றிப் பிடியில் காதை வைக்கும்போது மட்டும் 'டேய், அத அமத்துடா' என்பார்.

அந்தக் காது எதைக் கேட்கிறது? திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டையே எடுத்துக்கொள்வோம், வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த 350. 1955 முதல் நம்மோடு இருக்கிற வண்டி. கேம் ஷாஃப்ட் இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. எனவே டாப்பெட் சத்தம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும் 'டிக்'. குளிர்ந்த இன்ஜினில் 'டக டக' என்று தட்டிவிட்டுச் சூடானதும் அடங்கினால் அது பிஸ்டன் ஆட்டம், உடனே பயப்பட வேண்டாம். இடது பக்கத்தில் சலசலத்தால் பிரைமரி செயின் தளர்ந்திருக்கும். மேட்டில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது அடிவயிற்றிலிருந்து 'தொம் தொம்' என்று வந்தால் பிக் எண்ட். வீட்டுக்குக்கூட ஓட்டாதீர்கள், ஸார். ஆட்டோவில் ஏற்றுங்கள்.

எந்தப் பக்கம், சூட்டிலா குளிரிலா, பாரம் இருக்கும்போதா இல்லாதபோதா. இந்த மூன்றையும் கேட்காமல் 'ஹெட்டை இறக்கிடலாம்' என்பவரிடம் வண்டியைக் கொடுத்தால் சிலிண்டர் ரீபோர் வரை பில் போகும். டாப்பெட்டுக்கு ஹெட்டையே தொட வேண்டாம். வலது பக்கம் சின்ன மூடியைக் கழற்றி, புஷ் ராடு விரலில் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவே. ஆயில் ஏறுகிறதா என்று பார்க்க, ஐடிலில் ஓடும்போது ராக்கருக்குப் போகும் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் கசியும்.

கசிந்ததும் திருப்திப்பட்டு விடக்கூடாது. பிர்ஸிக்கின் நல்ல பக்கங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. ஹாரன் அடிக்கிறது, ஆகவே மின்சாரம் முழுக்க சரி என்று முடிவு கட்டுகிறவன் மாட்டிக்கொள்வான் என்கிறார். நிரூபணமானது பேட்டரியும் ஹாரனும் மட்டும்தான். ஐடிலில் ஆயில் கசிந்தால் ஐடிலில் ஆயில் வருகிறது என்று அர்த்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. அவருடைய வண்டியிலும் வேகத்தில்தானே ஆயில் நின்றது! எதைச் சோதித்தோமோ அதை மட்டும் நம்பு என்று இத்தனை தெளிவாகச் சொன்ன ரிப்பேர் புத்தகம் நான் பார்த்ததில்லை. அவர் பிழைப்புக்கு டெக்னிகல் மானுவல் எழுதியவர். அந்த ஒழுங்கு தெரிகிறது.

கியர் விஷயத்தில் அவர் ஏறக்குறைய மௌனம். நஷ்டம்தான், ஏனெனில் அவர் முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில்: மேலே ஒன்று, கீழே மூன்று. நியூட்ரலுக்குக் குதிகாலால் அழுத்தத் தனியாக ஒரு குட்டி லீவர். கியர் விழவில்லை, நடுவில் பொய் நியூட்ரல் வருகிறது, 'க்ரக்' என்கிறது. உடனே 'பாக்ஸைப் பிரிக்கணும், பல்லு போயிருக்கும்' என்பார்கள். பெரும்பாலும் பல் நன்றாகவே இருக்கும். கிளட்ச் முழுசாக விடாததே காரணம்: கேபிள் தளர்ச்சி, ஸ்பிரிங்குகள் சமமாக முறுக்கப்படாதது, இரவெல்லாம் நின்று ஒட்டிக்கொண்ட பிளேட்டுகள். காலையில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கிக்கரை மிதித்தால் பிளேட் விடும். முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தால் குற்றவாளி தெரிந்துவிட்டது.

கிளட்ச் சரியாக இருந்து, மேலே போகும்போது சுலபமாகவும் கீழே வரும்போது முரண்டாகவும் இருந்தால், கியர் பாக்ஸ் வெளி மூடிக்குள் ராட்செட்டை நிறுத்தும் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. இரண்டு நட்டைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். உதிரி பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ரெஸ்டோரேஷன் என்ற பெயரில் பெயின்ட், குரோம், பின்ஸ்ட்ரைப் எல்லாம் பளபளக்க வந்து நிற்கிற வண்டிகளில் இந்தத் தகட்டைத் தொட்டிருக்கிறார்களா என்று ஓட்டிப் பார்த்தால் முதல் சிக்னலிலேயே தெரியும்.