இரட்டை ஆட்டக்காரரை எப்படி ரசிப்பது?

கொரட்டூர் டீக்கடைகளில் ஐபிஎல் ஏலத் தொகைகளை வருட வாரியாக ஒப்பிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எம்.ஜே. கோபாலன், கோட்டா ராமசாமி என்று பேச்செடுத்தால், “வீடியோ இருக்கா அண்ணே?” என்று கேட்டுவிட்டு நழுவிவிடுகிறார்கள். வீடியோ இல்லைதான். அதற்காக இந்த இருவரையும் தெரியாமலேயே ஒரு சென்னைப் பிள்ளை வளர்வதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஸ்கோர் கார்டும் நாட்காட்டியும் இருந்தால் போதும், கண்ணால் பார்க்காத ஆட்டக்காரரையும் ரசிக்கலாம்.

அரிச்சுவடியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காதவர் அமெச்சூர். சோற்றுக்கு வேறு வேலை இருக்கும். கோபாலன் பர்மா ஷெல்லில் இருந்தார், ராமசாமி விவசாயத் துறையில். இரண்டு விளையாட்டில் நாட்டுக்காக ஆடியவர் இரட்டை ஆட்டக்காரர். கோபாலனுக்குக் கிரிக்கெட்டும் ஹாக்கியும், ராமசாமிக்கு டென்னிஸும் கிரிக்கெட்டும். இதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் வினாடி வினாக்காரர்கள். “இரண்டு விளையாட்டில் ஆடிய தமிழக வீரர் யார்?” என்று கேட்டு, பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். இதைவிட மேலோட்டமான ரசனை எனக்குத் தெரிந்து கிடையாது.

ரசனை தொடங்கும் இடம் வேறு. இரட்டை ஆட்டக்காரர்களில் இரண்டு ஜாதி உண்டு. இரண்டு ஆட்டத்தையும் ஒரே பருவத்தில் சுமந்தவர்கள் ஒரு ஜாதி. ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போனவர்கள் மற்றொன்று. புத்தகங்கள் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுகின்றன. அது பெரிய தப்பு.

முதல் ஜாதிக்குக் கோபாலன். 1909-இல் செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர், வேகப்பந்து வீச்சாளர். அவருடைய 1934, 1935, 1936 ஆகிய மூன்று ஆண்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட். அதே ஆண்டு நவம்பர் 4, சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், அதன் முதல் பந்து அவர் கையிலிருந்து. (அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்.) 1935-இல் தியான்சந்த் தலைமையில் ஹாக்கி அணியோடு நியூசிலாந்து. 1936-இல் நாட்காட்டி கழுத்தைப் பிடித்தது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம். இரண்டுக்கும் ஒரே கோடைக்காலம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. ஹாக்கி அணி ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது.

இரண்டாம் ஜாதிக்கு ராமசாமி. மெட்ராஸ் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சி பாபு நாயுடுவின் மகன். தாய்வழித் தாத்தா வீட்டுக்குத் தத்துப் போனதால் வேறு குடும்பப் பெயர். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1922-இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடினார். அதற்குப் பதினான்கு வருடம் கழித்து, நாற்பது வயதில், முதல் டெஸ்ட்! எங்கே தெரியுமா? கோபாலன் உட்கார்ந்தே இருந்த அதே 1936 பயணத்தில்.

அந்த முதல் டெஸ்ட் நடந்த மான்செஸ்டர் ஆட்டத்தின் ஸ்கோர் கார்டை எடுத்து வையுங்கள். இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571, ஹாமண்ட் 167. இந்தியா முதலில் 203. இரண்டாம் இன்னிங்ஸில் மெர்ச்சன்ட்டும் முஷ்தாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 சேர்த்தார்கள். எல்லோரும் அதோடு கார்டை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், கீழே வாருங்கள். ராமசாமி 40, பிறகு 60. எதிரே பந்து வீசியவர்களில் சுழற்பந்துக்குப் பேர்போன ஹெட்லி வெரிட்டியும் ஒருவர். இந்தியா 5 விக்கெட்டுக்கு 390 எடுக்க, ஆட்டம் டிரா. அடுத்த டெஸ்ட் ஓவலில், அங்கே 29, ஆட்டமிழக்காமல் 41. அத்துடன் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. மொத்தம் 170 ரன், சராசரி 56.66.

“அந்தக் காலத்தில் போட்டி குறைவு, யார் வேண்டுமானாலும் எதையும் ஆடலாம்” என்று சொல்கிற விமர்சகர்கள் இந்தக் கார்டைப் பார்த்ததே இல்லை. அல்லது பார்த்தும் படிக்கத் தெரியவில்லை. ஒரே அணி, ஒரே கோடை. ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் போய் இரண்டையும் கை நழுவவிட்டார். இன்னொருவர் ஒன்றை ஆடி முடித்துவிட்டு வந்ததால் நின்று ஆடினார். இதில் யார் திறமைசாலி என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியது யாருடைய நாட்காட்டி கொடுமையானது என்று. உங்களிடம் சொல்வதற்கென்ன, என் மனசு எப்போதும் கோபாலன் பக்கம்தான். ராமசாமிக்குப் பெரிய வீட்டுப் பின்புலம் இருந்தது, காத்திருக்க முடிந்தது. கோபாலன் காத்திருக்க முடியாதவர்.

மூன்றாவதாக ஒரு ஜாதியும் உண்டு. ஆடி முடித்துவிட்டு அடுத்தவர் ஆடுவதற்கு மைதானம் அமைத்தவர்கள். இங்கிலாந்தின் சார்லஸ் ஹியூ அலிசன் சோமர்செட்டுக்காகக் கிரிக்கெட் ஆடினார், ஆக்ஸ்போர்டுக்காக கோல்ஃப் ஆடினார், பிறகு ஹாரி கோல்ட்டுடன் சேர்ந்து கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்தார். ஜப்பானில் ஹிரோனோ, கவானா மைதானங்கள் அவர் கைவண்ணம். அங்கே ஆழமான மணற்குழிக்கு இன்றும் ‘அலிசன்’ என்றே பெயர். நம்மூரில் இந்த இடத்துக்கு நான் புச்சி பாபுவை வைப்பேன். வெள்ளைக்காரர் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லாத காலத்தில், 1888-இல், எஸ்பிளனேட் திடலில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர். ஐரோப்பியர்–இந்தியர் பிரசிடென்சி ஆட்டத்துக்கும் அவர்தான் ஏற்பாடு செய்தார். ஆனால் அது நடப்பதற்கு முன்பே 1908-இல் காலமாகிவிட்டார். கோபாலன் வீசிய அந்த முதல் ரஞ்சிப் பந்துக்கு வழி போட்டவர்களில் அவரும் ஒருவர்.

கொரட்டூரிலிருந்து சென்ட்ரல், பூங்கா நகரில் பறக்கும் ரயில், அடுத்த கொஞ்ச நேரத்தில் சேப்பாக்கம். அடுத்த தடவை மேட்ச் பார்க்கப் போகும்போது, அந்த ரயிலில் செல்போனை வைத்துவிட்டு 1936 மான்செஸ்டர் கார்டைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். ராமசாமி எழுதிய ‘ராம்ப்ளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்’ என்ற தன்வரலாறு பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால், விலை பேசாமல் வாங்கிவிடுங்கள்.