வேட்டுவன் முன்றிலில் ஒரு பார்வை மான்

சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தலைநகரில் நடைபெற்ற ஓர் இலக்கியக் கூட்டத்தில் புறநானூற்றின் 320ஆம் பாடலைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்ந்தது. வீரை வெளியனார் என்னும் புலவர் பாடிய பாடல் அது. வேட்டுவன் ஒருவன் களைத்து உறங்குகிறான். அவன் வீட்டு முற்றத்தில் ஒரு பெண்மான் நிற்கிறது. காட்டிலிருந்து வந்த கலைமான் ஒன்று அதனோடு கூடி விளையாடுகிறது. அதனைக் கண்ட மனையாள் ஓசை எழாதபடி அசையாமல் இருந்துவிடுகிறாள். இக்காட்சியை விளக்கிய சொற்பொழிவாளர், "கொல்லாமை அறத்தைத் தமிழன் அன்றே கண்டான்" என்று முடித்தார். அவை கைதட்டியது.

அப்பொழுது உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்தாள். இங்கேயே பிறந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் கற்றவள். "ஐயா, வேட்டுவன் வீட்டு முற்றத்தில் அந்தப் பெண்மான் எப்படி வந்தது?" என்று வினவினாள். "அது அவர்கள் அன்போடு வளர்த்த மான், அம்மா" என்பதே அவளுக்குக் கிடைத்த விடை. அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. எனினும் எழுந்து மறுக்கும் துணிவு அன்று எனக்கு இல்லாது போயிற்று. அம்மாணவிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

வேட்டையும் வேட்டையறிவும்

பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் வேட்டையைத் தொலைவில் நின்று பார்த்தவர் பாடியவை அல்ல. வில்லும் பகழியும் வலையும் வேட்டைநாயும் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பெரிய கல்லைச் சாய்த்து நிறுத்தி, அடியில் நுழையும் விலங்கின்மேல் விழச் செய்யும் 'அடார்' என்னும் பொறியும் வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பை விரித்துரைக்கிறது. குழியில் பதுங்கி இரவிற் பன்றியின் வரவு பார்ப்போரையும், பகலில் வேலியோரம் வலை மாட்டி நாயோடு முயலை வளைப்போரையும் அங்கே காண்கிறோம். மகப்பெற்ற எயிற்றி குழந்தையோடு முடங்கிக் கிடக்கும் படுக்கை மான்தோல். வேட்டை அம்மக்களுக்குப் பொழுதுபோக்கன்று. உணவு, படுக்கை, பிழைப்பு எல்லாம் அதுவே.

அவ்வறிவு மொழியிலும் படிந்துள்ளது. தொல்காப்பிய மரபியல் புல்வாய், உழை, நவ்வி என மானினங்களைப் பகுத்துரைக்கிறது. அவற்றின் பெண்ணைப் பிணை என்றும் குட்டியை மறி என்றும் வழங்கும் மரபை வரையறுக்கிறது. புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என்னும் பெயர்கள் உரியன; கலை என்பது உழைக்கும் உரியது. நகரத்தில் வாழும் நமக்கு எல்லாம் 'மான்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. புதரில் நிற்பது ஆணா பெண்ணா, தாயா குட்டியா என்று கணத்தில் அறியவேண்டிய வேட்டுவனுக்கு அவ்வொரு சொல் போதாது. இலக்கணத்தில் நாம் மனப்பாடம் செய்த மரபுப் பெயர்கள் காட்டில் பிழைப்பு நடத்தியவர்களின் சொற்கள் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

பார்வை என்னும் உத்தி

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். வெளியனார் அப்பெண்மானைப் 'பார்வை மடப்பிணை' என்கிறார். பாடலின் திறவுகோல் 'பார்வை' என்னும் அச்சொல்லே. புறநானூற்றுக்குக் கிடைத்துள்ள பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிட்டது. ஆதலின் 320ஆம் பாடலுக்குப் பழைய உரையின் துணை இல்லை. ஆயினும் பெரும்பாணாற்றுப்படையில் இதே சொல் வருகிறது. எயினர் குடிலின் முற்றத்தில் ஒரு விளாமரம். அதன் அடிமரம் தேய்ந்திருக்கிறது. காரணம், அதிற் பார்வை கட்டப்பட்டிருப்பது. அவ்விடத்துக்குப் பார்வைமான் என்றே உரை கொள்ளப்படுகிறது.

பார்வை என்பது காட்டு விலங்கைக் கவர்ந்து வரவழைப்பதற்காகப் பழக்கிவைக்கும் விலங்கு. மான் கூட்டமாக வாழ்வது, அச்சம் மிக்கது. தன்னினத்தில் ஒன்று அஞ்சாமல் நிற்கக் கண்டால், அவ்விடம் தீங்கற்றது என்று நம்பி நெருங்கும். பிணையை நாடும் பருவத்தில் ஆண்மான் கூட்டத்தைப் பிரிந்து தனித்து நிற்பதும் அலைவதும் உண்டு. வெளியனாரின் கலையும் தனித்து வந்த கலைதான். இயற்கையை அறிந்தவர் எழுதிய சொல் அது.

இவ்வுத்தி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அக்பரின் அவையில் இருந்த அபுல் பஸல் தம் 'அயினி அக்பரி'யில், பழக்கிய மானின் கொம்பிற் கண்ணிவலை பொருத்திக் காட்டுமானோடு மோதவிட்டுப் பிடிக்கும் முறையைக் குறித்துள்ளார். நம் ஊர்ப்புறங்களில் கூண்டிலிட்ட கௌதாரியைக் கூவவைத்துக் காட்டுக் கௌதாரியைப் பிடித்ததும் இவ்வகையே. யானையால் யானையைப் பிணிப்பதைத் திருவள்ளுவரும் வினைசெயல்வகையில் உவமையாக்கினார்.

ஆகவே, மாணவியே, அந்தப் பிணைமான் அன்புக்காக மட்டும் வளர்க்கப்பட்டதன்று. அது வேட்டுவனின் வில்லைப் போல, வலையைப் போல ஒரு கருவி. மறியாகப் பிடித்து மனையில் வளர்த்தாலன்றிக் காட்டுமான் இவ்வளவு பழகாது. அதற்குத் தழை கொடுத்து வளர்த்தவளும் அம்மனையாளாகவே இருத்தல் கூடும்.

மனையாளின் மௌனம்

இதனை உணர்ந்தபின் பாடல் வேறொன்றாகிவிடுகிறது. கலை தற்செயலாக வழிதவறி வந்த விருந்தன்று, பொறி பலித்துவிட்டது. எந்த நாளுக்காகப் பிணையை வளர்த்தார்களோ அந்த நாள் வந்துவிட்டது. மனையாள் செய்யவேண்டுவது ஒன்றே: கணவனைத் தொட்டு எழுப்புதல். அவள் அதனைச் செய்யவில்லை.

புலவர் அவளுடைய அச்சத்தை இருமுறை சொல்கிறார். கணவன் எழுந்துவிடுவானோ என்று அஞ்சினாள். கலை பிணையை விட்டு நீங்கிவிடுமோ என்றும் அஞ்சினாள். இரண்டாம் அச்சத்தை மட்டும் தனியே எடுத்தால், கைக்கெட்டிய வேட்டை தப்பிவிடுமே என்னும் வேட்டுவச்சியின் கவலை என்று கொள்ளலாம். முதல் அச்சத்தை மட்டும் எடுத்தால், களைத்தவனின் உறக்கம் கெடலாகாது என்னும் மனைவியின் பரிவு என்று கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்பொழுது இவ்விரு விளக்கங்களும் நில்லா. வேட்டை தப்பலாகாது என்று எண்ணியவள் கணவன் எழுவதற்கு அஞ்சமாட்டாள். உறக்கத்தை மட்டும் கருதியவளுக்குக் கலை நீங்குவதில் அச்சம் இல்லை. அதற்கு முன்னரே புலவர், மான்களின் இன்ப நிலையை அவள் கண்டாள் என்று வைக்கிறார். கண்டதே காரணம். இணைந்த உயிர்களைப் பிரிக்க அவள் மனம் ஒப்பவில்லை.

அந்த மௌனம் விலையின்றி வந்ததன்று. மான்தோலில் உலர்த்திய தினை முற்றத்தில் கிடக்கிறது. காட்டுக்கோழியும் இதல் என்னும் பறவையும் வந்து அதனைத் தின்கின்றன. எழுந்து ஓட்டினால் கலை வெருண்டோடும். ஆகவே அவள் நடமாடவில்லை. அன்றைய உணவு பறவைக்குப் போகிறது. அத்தினை கிடப்பது எதன்மேல்? முன்னொரு நாள் கொன்ற மானின் தோலின்மேல்! வீரை வெளியனார் இதனைச் சொல்லிக்காட்டவில்லை. தோலை விரித்துத் தினையைப் பரப்பிவிட்டு ஒதுங்கிவிடுகிறார். இறந்த மான், கட்டுண்ட மான், வந்த மான் மூன்றும் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு பெண் மூச்சடக்கி இருக்கிறாள். இப்பாடலின் பெருமை இம்முற்றத்திலேதான் இருக்கிறது.

கொல்லாமை அறத்தை நிலைநாட்டும் பாடலாயின் இத்துடன் முடிந்திருக்கும். முடியவில்லை. சந்தன விறகின் தீயிற் சுட்ட ஊனைச் சுற்றத்தோடு உண்டு தங்கிச் செல்லுமாறு பாணனை அழைக்கிறார் புலவர். பின்னர், வேந்தன் தந்த செல்வத்தைப் பரிசிலர்க்குக் குறைவின்றி வழங்கும் தலைவன் காக்கும் ஊர் இது என்று முடிக்கிறார். நாளையும் அவ்வீட்டில் வேட்டை உண்டு. அந்தப் பிணை நாளையும் கட்டப்படும். இன்று, இந்நேரம், இந்தக் கலைக்கு மட்டும் விடுதலை. வாகைத்திணையில் வல்லாண்முல்லை என்னும் துறையில் இப்பாடல் வைக்கப்பட்டிருப்பதும் பொருத்தமே. வீரனுடைய ஊரின் இயல்பைப் புகழ வந்த புலவர், தலைவனின் பெருங்கொடைக்கு முன்னே வேட்டுவச்சியின் சிறுகொடையை வைத்தார்.

சாபமும் மௌனமும்

இதே நிலையை நம் நாட்டின் இரு பெருங்காப்பியங்களும் தொட்டிருக்கின்றன. இணைந்திருந்த கிரௌஞ்சப் பறவைகளில் ஒன்றை வேடன் வீழ்த்த, வான்மீகியின் வாயிற் சாபம் பிறந்தது. மகாபாரதத்தில் மானுருவில் மனைவியோடு கூடியிருந்த கிந்தம முனிவரைப் பாண்டு எய்து, சாபத்துக்கு ஆளானான். மான்வேட்டை அரசர்க்கு உரியதுதானே என்று பாண்டு வாதிடுகிறான். கொன்றதற்காக உன்னைப் பழிக்கவில்லை; கூடல் முடியும்வரை நீ காத்திருக்கவில்லையே என்பதே முனிவரின் குறை. வேட்டைக்குள்ளேயே ஓர் அறம் உண்டு என்பதை அக்காப்பியமும் அறிந்திருக்கிறது. ஆனால் அங்கே அறம் மீறப்பட்ட பின்னர், அறிந்தோர் வாயிலிருந்து சாபமாக வருகிறது. இங்கே மீறப்படுமுன்னரே, எழுத்தறியாதவள் என்று நாம் எண்ணக்கூடிய ஒருத்தியிடமிருந்து மௌனமாக வருகிறது. அவளுக்கு அதனை எவரும் கற்பிக்கவில்லை.

ஒரே நூலுக்குள்ளும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 152ஆம் பாடலில் வன்பரணர் வல்வில் ஓரியின் அம்பைப் புகழ்கிறார். ஒரே பகழி யானையை வீழ்த்திப் புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. வள்ளலின் புகழுக்கு அது அணி. வேட்டையின் உண்மை அன்று. அதே புலவர் 150ஆம் பாடலில் நள்ளியைப் பாடுமிடம் வேறு. மான்களைக் கொன்ற குருதி காலிற் படிந்த ஒருவன் காட்டிற் பசித்த புலவர் கூட்டத்தைக் கண்டு, தீக்கடைகோலால் நெருப்புண்டாக்கி, தன் ஆட்கள் வருமுன் ஊன் சுட்டுக் கொடுக்கிறான். அணிகளையும் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமற் போகிறான். இங்கேயும் குருதியும் ஈரமும் ஒருங்கே உள்ளன.

நமக்கு என்ன?

வேற்று மாநிலத்தில் வாழும் நாம், நம் இலக்கியத்தை அண்டை வீட்டாருக்கும் நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைக்கும்பொழுது ஒரு தவறு செய்கிறோம். ஊனையும் குருதியையும் துடைத்துவிட்டு, நம் இன்றைய ஒழுக்கத்துக்கு ஏற்ப முன்னோரை உடுத்திக் காட்டுகிறோம். நான் உட்பட யாரும் இதற்கு விலக்கல்லர். அதனால் பெருமை கூடுவதில்லை, குறைகிறது. மானை உண்ணாதவள் மானை விட்டாள் என்றால் அதில் வியப்பென்ன? மானால் வாழ்பவள் மானை விட்டாள் என்பதன்றோ பாட்டு! தோலை மறைத்தால் தினையும் மறைந்துவிடும். தினை மறைந்தால் அவள் கொடுத்த விலை மறைந்துவிடும்.

மான்வேட்டை இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் திரிந்த கொம்புடைய இரலை முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் அதற்குக் காப்பிடங்கள் உள்ளன. அது நன்றே. வேட்டையை மீட்க வேண்டுமென்று எவரும் சொல்லப்போவதில்லை. வேட்டுவர் கண்ட உண்மையை இழக்கலாகாது என்பதே என் வேண்டுகோள்.

அவ்வுண்மையின் மற்றொரு முகத்தை ஓரேருழவர் 193ஆம் பாடலிற் காட்டுகிறார். உரித்த தோலைப் போல் வெளுத்து நீண்ட களர்நிலம்; ஒருவன் துரத்த ஓடும் புல்வாய். புல்வாய் திறந்த வெளியில் வாழ்வது. புதரில் ஒளியாது, காலையே நம்பி ஓடுவது. அதுபோல் ஓடித் தப்பிவிடவும் கூடும். ஆனால் சுற்றத்தோடு கூடிய வாழ்க்கை காலைத் தடுக்கிறதே என்கிறார் புலவர். நிலத்துக்குத் தோலை உவமை சொல்ல, தோலுரிப்பதைக் கண்ட கண் வேண்டும். மானின் ஓட்டத்தில் தன்னைக் காண, துரத்துபவன் பக்கம் மட்டும் நில்லாத நெஞ்சும் வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, குடும்பத்துக்காக இங்கேயே நின்றுவிட்ட நம்முள் எவர்க்கு இப்பாடலுக்கு உரை வேண்டும்?

அம்மாணவி இப்பொழுது கல்லூரியிற் பயில்வாள். இம்மலர் அவள் வீட்டுக்கும் போகுமாயின், அவளுக்கு என் விடை இது: அம்மா, அந்தப் பெண்மான் காட்டுமானை ஏமாற்றிப் பிடிக்கக் கட்டப்பட்டிருந்தது. அன்று அதனை அவர்கள் பயன்படுத்தவில்லை. நீ கேட்ட கேள்வியே அப்பாட்டுக்கு வாயில்.