நம் கவிதைகளில் நடக்காத ஒட்டகம்

மீலாத் மலர்களிலும் பாடசாலை ஆண்டு மலர்களிலும் வருகிற கவிதைகளை விடாமல் வாசிப்பவன் நான். ஒட்டகம் இல்லாத மலர் குறைவு. ஒரு பிறை, ஒரு பேரீச்சை, ஒரு மணல்மேடு, பக்கத்தில் ஒட்டகம். அது நடப்பதில்லை, தின்பதில்லை, சத்தம் போடுவதுமில்லை. 'பாலைவனக் கப்பல்' என்று ஒருதரம் சொன்னால் கவிஞரின் வேலை முடிந்துவிடுகிறது.

மட்டக்களப்பு வாவிக் கரையில் இருக்கிறவனுக்கு ஒட்டகம் என்னத்துக்கு என்பதல்ல என் கேள்வி. தமிழுக்கு ஒட்டகம் புதிதுமல்ல. சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துக் கரையில் அலை ஒதுக்கிய அகில் கட்டைகள் தூங்கும் ஒட்டகங்களாகத் தெரிகின்றன. கால் மடக்கி, உடம்பைத் தாழ்த்தி அது கிடக்கிற கோலம் மனதில் இருந்தால்தான் இந்த உவமை வரும். அகநானூற்றின் 245ஆம் பாட்டில் பசித்த ஒட்டகம் பாலை வழியில் காய்ந்து கிடக்கும் எலும்பைத் தின்கிறது. புலவரின் கற்பனை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மேய்ச்சலில் பொஸ்பரசு குறைந்தால் ஒட்டகம் எலும்பைக் கடிக்கும் என்பது கால்நடை வைத்தியர்களுக்குத் தெரிந்த சங்கதி.

அரபுப் பக்கம் பாருங்கள். முஅல்லகாத் கவிஞர்களில் ஒருவரான தரஃபா பழைய பஹ்ரைன் கரையோடு தொடர்புடையவர். தன் பெண் ஒட்டகத்தை அவர் உறுப்பு உறுப்பாக வர்ணிக்கிறார். அதன் கழுத்து, திஜ்லா ஆற்றில் எதிரேறும் ஓடத்தின் சுக்கான். கண்கள், எலும்புக் குகைக்குள் ஒதுங்கிய இரண்டு கண்ணாடிகள். தமிழ்ப் புலவர் கரை ஒதுங்கிய கட்டையில் ஒட்டகத்தைக் கண்டார், அரபுக் கவிஞர் ஒட்டகத்தில் சுக்கானைக் கண்டார். கப்பலும் ஒட்டகமும் சேர்கிற உவமைக்கு அங்கே உயிர் இருந்தது. நம்மிடம் அது பட்டப்பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உமறுப்புலவரை இதில் சேர்க்க மாட்டேன். அரபு நாட்டை ஆறும் நெல்வயலுமாக அவர் பாடியதைப் பிழை என்பார்கள். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. நபியவர்களைத் தன் மண்ணுக்கு அழைத்துவந்தார். பாலை வேண்டிய இடத்தில் தமிழ்ச் சுரத்தையே எடுத்துக்கொண்டார். நாம் செய்வது மறுவளம்: அங்கத்தைய சாமான்களைக் கொண்டுவந்து இங்கே அலங்காரம் வைக்கிறோம். காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவில் பேரீச்சை நட்டிருக்கிறார்கள். வீதிக்கு அது அழகுதான். கவிதைக்கு அந்த அழகு போதாது.

அல்-காஷியா அத்தியாயத்தின் 17ஆவது வசனம், ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கமாட்டார்களா எனக் கேட்கிறது. இந்த வசனத்தைத் தலையில் போட்டுவிட்டு, கீழே ஒட்டகத்தைப் பார்க்காமலே எழுதுகிறோம். பார்த்தால் என்ன கிடைக்கும்? திமிலில் இருப்பது தண்ணீரல்ல, கொழுப்பு. ஷ்மித்-நீல்சன் என்ற ஆய்வாளர் 1950களில் சஹாராவில் ஒட்டகங்களை அளந்து பார்த்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலையில் 34 பாகைக்கு இறங்கும், பின்னேரம் 40ஐத் தாண்டும். பகல் வெயிலை வியர்த்துத் தள்ளாமல் உள்ளே வாங்கி வைத்து, இரவுக் குளிரில் விடுகிறது. நீரிழப்பால் எடையில் கால்வாசி போனாலும் தாங்கும். பிறகு பத்து நிமிடத்தில் 100 லீற்றர் அளவுக்குக் குடிக்கும். ஸப்ரைப் பற்றி எத்தனை கவிதை வந்திருக்கிறது! பகல் முழுக்கச் சூட்டைச் சுமந்து இரவுக்குக் காத்திருக்கிற இந்த உடம்பை அதில் ஒன்றிலாவது நான் கண்டதில்லை.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நின்ற ஒட்டகம் நபியவர்களைக் கண்டதும் கண்ணீர் விடுகிறது. தன்னைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக முறையிடுகிறது. பசியும் களைப்பும் உள்ள ஒட்டகம் அது. நம்முடையது புனிதச் சின்னமாகிவிட்டதால் அதற்குப் பசிக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஒட்டகத்துக்கு நேர்மாறு எங்கட எருமை. வெயிலேறினால் அதற்குத் தண்ணீரோ சேறோ வேணும், வாவியில் மூக்கை மட்டும் வெளியே விட்டுக் கிடக்கும். அதன் தயிரில்தான் வளர்ந்தோம். ஆனாலும் மீலாத் மலரில் எருமைக்கு இடமில்லை, இஸ்லாமிய மணம் போதாதாம். இதுவும் படைக்கப்பட்ட பிராணிதானே?

ஒட்டகம்தான் வேணுமென்றால் அதற்கும் ஆக்கள் இருக்காங்க. மலையாளத்தில் பென்யாமின் 2008இல் 'ஆடுஜீவிதம்' எழுதினார். சவூதி மருபூமியில் ஆடும் ஒட்டகமும் மேய்க்க மாட்டிக்கொண்டவனின் கதை. நம் ஊர்களிலிருந்தும் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அங்கே ஒட்டகத்தோடு கிடந்தவருக்குக் கப்பல் உவமை தேவைப்படாது. இணைசேரும் பருவத்தில் ஆண் ஒட்டகம் வாயோரத்தில் சிவந்த பை மாதிரி ஒன்றைத் தள்ளி நுரை கக்கும், அந்த நேரம் கிட்டப் போனால் கடித்துவிடும் என்று அவர் சொல்வார். அடுத்த மலருக்குக் கவிதை தரப்போகிறவர்கள் அவரிடம் ஒரு பின்னேரம் போய்க் கேட்டு வந்து எழுதலாம்.