ஒலி ஒத்தால் உறவாகுமா?

தென் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வ குடிகள் பேசும் மொழிகளை எத்தனை குடும்பங்களாகப் பிரிக்கலாம்? இக்கேள்விக்கு இரண்டு விடைகள் தரப்படுகின்றன. 'நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, உறவே அறியப்படாத தனிமொழிகள்' என்பது ஒரு விடை. 'ஒரே ஒரு குடும்பம்' என்பது மற்றொரு விடை. ஒரே பொருளை அளந்த இருவரின் முடிவுகள் நூறு மடங்கு வேறுபட்டால், குறை பொருளில் இல்லை, அளக்கும் முறையில்தான் இருக்கிறது என்று ஐயுறுவது இயற்பியல் மாணவனின் இயல்பு. மொழியியல் நூல் ஒன்றை இயற்பியல் கற்பிப்பவர் விமரிசிக்கப் புகுவதற்கு இதுவே காரணம்.

'ஒரே குடும்பம்' என்ற விடையைத் தந்த நூல், அமெரிக்க மொழியியலார் ஜோசப் கிரீன்பெர்க் எழுதி 1987ஆம் ஆண்டில் வெளிவந்த 'அமெரிக்காக்களில் மொழி' என்பதாகும். வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் பூர்வ மொழிகள் அனைத்தையும் அது மூன்றே குடும்பங்களில் அடக்கியது. வடகோடியில் எஸ்கிமோ-அலூத், வடமேற்கில் நா-தெனே, எஞ்சிய யாவும் 'அமெரிண்ட்'. தென் அமெரிக்க மொழிகள் அத்தனையும் இந்த மூன்றாவது குடும்பத்துக்குள் வந்துவிடுகின்றன. நூல் வெளிவந்து நெடுங்காலம் ஆகியும், அதன் படமும் பட்டியலும் பொது அறிவு நூல்களில் இன்றும் தலைகாட்டுகின்றன. எனவே அதன் அடித்தளத்தைச் சோதிப்பது வீண்வேலை அன்று.

நூலின் சிறப்பு

கிரீன்பெர்க் சாதாரண ஆசிரியர் அல்லர். ஆப்பிரிக்க மொழிகளை நான்கு பெரும் பிரிவுகளாக அவர் 1963இல் வகைப்படுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அவ்வகைப்பாட்டின் பெரும்பகுதி பிற்காலத்தில் ஏற்கப்பட்டது. அவருடைய உழைப்பும் பெரிது. எண்ணற்ற மொழிகளின் சொற்களைக் கையாலேயே குறிப்பேடுகளில் எழுதி, வரிசைப்படுத்தி, ஒப்பிட்டார். 'நான்' என்பதற்கு ந-ஒலியும் 'நீ' என்பதற்கு ம-ஒலியும் அமெரிக்க மொழிகள் பலவற்றில் காணப்படுவதை அவர் வற்புறுத்திக் காட்டினார். இது விளக்கம் வேண்டி நிற்கும் செய்தியே என்பதை அவரை எதிர்ப்போரும் மறுப்பதில்லை.

அவருடைய முறை எளிது. இரண்டு மொழிகளை எடுத்துக்கொண்டு நுணுகி ஆராய்வதற்கு மாறாக, நூற்றுக்கணக்கான மொழிகளின் அடிப்படைச் சொற்களை ஒரே பார்வையில் வைத்து, ஒத்தவற்றைத் திரட்டுவது. தரவுகளில் பிழை இருந்தாலும் மொழிகளின் எண்ணிக்கை மிகுதியால் அது தள்ளுபடியாகிவிடும் என்பது அவர் கருத்து. இந்தக் கருத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தற்செயல் என்னும் எதிராளி

ஒரு வகுப்பில் 23 மாணவர்கள் இருந்தால், அவர்களுள் எவரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமைய வாய்ப்பு பாதிக்கு மேல் என்பதை நிகழ்தகவு படித்தோர் அறிவர். காரணம், 23 பேரை 253 இணைகளாகச் சேர்க்கலாம். மொழிகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். ஒரு பொருளைக் குறிக்கும் இரு சொற்கள் தற்செயலாக ஒத்திருக்கும் வாய்ப்பு 50இல் 1 என்று, எடுத்துக்காட்டுக்காக, வைத்துக்கொள்வோம். இரண்டே மொழிகளானால் இது புறக்கணிக்கத்தக்கது. பத்து மொழிகளானால் 45 இணைகள். எங்கேனும் ஓர் ஒற்றுமை தென்படும் வாய்ப்பு 60 விழுக்காடு. இருபது மொழிகளானால் 190 இணைகள். வாய்ப்பு 98 விழுக்காடு! மொழிகளைக் கூட்டக் கூட்டச் சான்று பெருகுவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் பெருகுவது இரைச்சலும்தான்.

பொருளையும் தளர்த்திவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 'கை' என்பதை 'கால்', 'விரல்', 'பிடி' ஆகியவற்றோடெல்லாம் ஒப்பிட இடங்கொடுத்தால் வாய்ப்பு மூன்று நான்கு மடங்காகிறது. கிரீன்பெர்க் இத்தகைய தளர்ச்சியைத் தாராளமாகவே அனுமதித்தார்.

இதை நாமே சோதித்துப் பார்க்கலாம். பொலிவியாவிலும் தென் பெரு நாட்டிலும் 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேசும் ஐமாரா மொழியில் கல்லுக்குப் பெயர் 'கலா'. திவனாக்கு என்ற பழம்பதியில் நிற்கும் 'கலாசசாயா' என்னும் கற்கோயிலின் பெயர் இச்சொல்லை முதலாகக் கொண்டதே. அதே மொழியில் பாதத்துக்குப் பெயர் 'காயு'. 'கல்', 'கை' என்ற நம் சொற்கள் உடனே நினைவுக்கு வருகின்றன அல்லவா? பொருளைச் சற்றே நெகிழ்த்தினால் இரண்டு 'சான்றுகள்' கிடைத்துவிட்டன! இம்மொழிக்கும் தமிழுக்கும் உறவு என்று எந்த மொழியியலாரும் கூறார். இப்படிப்பட்ட இணைகள் எந்த இரு மொழி அகராதிகளிலும் அகப்படும். இன்னொன்றும் கேளுங்கள். ஐமாராவில் 'உமா' என்றால் தண்ணீர். அதன் அண்டை மொழியாகிய கெச்சுவாவில் 'உமா' என்றால் தலை. ஒலி ஒன்று, பொருள் வேறு. நம்மூரிலோ அது பெண்ணின் பெயர்.

உறவு எப்போது உறுதிப்படும்?

தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பூ, ஹூவு. இங்கே சொற்கள் 'ஏறத்தாழ ஒத்திருக்கின்றன' என்பது முக்கியம் அன்று. தமிழில் சொல்முதலில் ப-ஒலி வரும் இடத்தில் கன்னடத்தில் ஹ-ஒலி ஒழுங்காக வருகிறது என்பதே முக்கியம். ஒரு சொல் தற்செயலாக ஒக்கலாம். ஒரு விதி தற்செயலாக அமைவது அரிது. உறவுக்குச் சான்று ஒற்றுமை அன்று, ஒழுங்கான வேற்றுமையே.

தென் அமெரிக்காவிலும் இவ்வழியில் நிறுவப்பட்ட குடும்பங்கள் உண்டு. ஒரினோகோ ஆற்றங்கரையில் சமயப்பணி புரிந்த ஜிலீ என்ற இத்தாலியப் பாதிரியார், அங்குள்ள மைப்பூரே மொழியும், நெடுந்தொலைவில் பொலிவியாவில் பேசப்பட்ட மோகோ மொழியும் உறவுடையவை என்று 1782இல் கண்டறிந்தார். கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் ஆற்றிய புகழ்பெற்ற உரைக்கு இது நான்காண்டு முந்தியது. ஜிலீ கண்ட குடும்பமே இன்று அரவாக் குடும்பம் எனப்படுகிறது. பின்வந்தோரின் ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

கெச்சுவாவும் ஐமாராவும்

தற்செயலை விலக்கிவிட்டால் போதுமா என்றால், போதாது. இரண்டாவது எதிராளி ஒருவன் உண்டு. அவன் பெயர் கடன். அவனை இனங்காண ஆண்டீஸ் மலைநாட்டைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை.

கெச்சுவா என்பது ஒரு தனிமொழி அன்று, ஒரு குடும்பம். கொலம்பியாவின் தெற்கிலிருந்து அர்ஜென்டைனா வரை 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் கிளைகளைப் பேசுகின்றனர். இன்கா பேரரசு அதைத் தலைநகர் கூஸ்கோவிலிருந்து பரப்பியது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. கேரி பார்க்கர் 1963இலும், பெரு நாட்டு ஆல்பிரெடோ டொரேரோ 1964இலும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. கிளைகளுக்கிடையே வேறுபாடு மிகுந்திருப்பது நடுப் பெரு நாட்டில். ஆகவே குடும்பத்தின் வேர் அங்கே, இன்காக்களுக்கும் பல நூற்றாண்டு முன்னர் என்று அவை காட்டின. ஐமாராவும் தனித்த ஒன்றன்று. லிமா மாநிலத்து மலைச்சிற்றூராகிய துப்பேயில் சில நூறு பேர் பேசும் ஹக்காரு மொழி அதன் உடன்பிறப்பு. ஆக, இவ்விரு குடும்பங்களும் நடுப் பெருவில் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தவை.

இவற்றின் எண்ணுப்பெயர்களைப் பாருங்கள். கெச்சுவாவில் மூன்று 'கிம்சா', ஐந்து 'பிச்கா', ஆறு 'சொக்தா'. ஐமாராவில் மூன்று 'கிம்சா', ஐந்து 'பிஸ்கா', ஆறு 'சுக்தா'. வியக்கத்தக்க ஒற்றுமை! ஆனால் ஒன்றும் இரண்டும் நான்கும் முறையே கெச்சுவாவில் 'ஹுக்', 'இஸ்காய்', 'தாவா'. ஐமாராவில் 'மாயா', 'பாயா', 'புசி'. எள்ளளவும் ஒற்றுமை இல்லை. ஒரு தாயின் மக்களானால் முதல் இரண்டு எண்களை இழந்துவிட்டு ஆறை மட்டும் காப்பாற்றுவார்களா?

ஐமாராவின் ஏழு, எட்டு என்ற எண்களில் விடை ஒளிந்திருக்கிறது. ஏழு 'பக்கல்கு', எட்டு 'கிம்சக்கல்கு'. முதலாவதில் இரண்டைக் குறிக்கும் 'பா', இரண்டாவதில் மூன்றைக் குறிக்கும் 'கிம்சா'. எஞ்சும் 'கல்கு' ஐந்தைக் குறித்த பழஞ்சொல் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அதாவது, ஐமாராவுக்குச் சொந்தமான ஐந்து ஒன்று இருந்தது. அது ஏழிலும் எட்டிலும் புதைபடிவம்போல் தங்கிவிட்டது. தனித்து நின்ற இடத்தைப் புதிய சொல் பிடித்துக்கொண்டது.

இது தனிப்பட்ட நிகழ்ச்சி அன்று. இரு குடும்பங்களுக்கும் பொதுவான வேர்ச்சொற்கள் கால் பங்கு அளவுக்கு வரும். நெருப்பு இரண்டிலும் 'நினா'. பெயர் என்பது இரண்டிலும் 'சுத்தி'. மாறாக, கை கெச்சுவாவில் 'மக்கி', ஐமாராவில் 'அம்பாரா'. குருதி 'யாவர்', 'வீலா'. கல் 'ரூமி', 'கலா'. ஒத்தவை மிகையாக ஒத்திருக்கின்றன. ஒவ்வாதவை முற்றும் ஒவ்வாமல் இருக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுக்கு முன் பிரிந்த உறவினரிடையே, பால்-ஹாலு போல இடைப்பட்ட தேய்மானம் காணப்பட வேண்டும். இங்கு அது அரிது. அச்சாக ஒத்திருப்பதே இங்கு ஐயத்துக்குக் காரணமாகிறது.

கரோலின் ஆர், இராபர்ட் லாங்கேக்கர் ஆகிய இருவரும் 1968இல் இவ்விரண்டுக்கும் ஒரு பொதுத் தாய்மொழியை மீட்டமைக்க முயன்றனர். தொண்டையை ஒரு கணம் அடைத்து வெடிக்கவிடும் க், த், ப் ஒலிகள் கூஸ்கோ கெச்சுவாவிலும் ஐமாராவிலும் இருப்பது அவர்களுக்குப் பெருஞ்சான்றாயிற்று. ஆனால் நடுப் பெருவின் கெச்சுவாவில் அவ்வொலிகள் இல்லை. அவை ஐமாராவை அடுத்து வாழும் கெச்சுவாக்களில் மட்டும் இருப்பது, பரம்பரைச் சொத்தைவிட அண்டைவீட்டுக் கடனையே சுட்டுகிறது என்பது பலர் கருத்து. நிக்கலஸ் எம்லன் 2017இல் வேறொரு வழியை மேற்கொண்டார். கெச்சுவாவோடு ஒத்த வேர்களை நீக்கிவிட்டு, எஞ்சிய ஐமாரா வேர்களை மட்டும் ஆராய்ந்தார். வெளிப்பட்ட பழைய ஐமாராவின் ஒலியமைப்பு கெச்சுவாவினின்றும் நன்கு வேறுபட்டிருந்தது. ஒற்றுமையைக் கழித்துப் பார்த்தல்! பின்னணி அளவைக் கழித்துவிட்டுக் கதிர்வீச்சை அளப்பது போன்ற செயல் இது.

கிரீன்பெர்க்கின் நூலிலோ கெச்சுவாவும் ஐமாராவும் 'ஆண்டியன்' என்ற உட்பிரிவில் அருகருகே அமர்கின்றன. தெற்கே தீ நிலம் எனப்படும் தியர்ரா தெல் பியூகோவின் யாகன் மொழியும் அதே பிரிவில்தான். கடன் கழிக்கப்படவில்லை.

பிழைகள் தள்ளுபடியாகுமா?

ஆண்டிய மொழிகளில் வல்லுநரான வில்லெம் ஆடெலார் 1989இல் எழுதிய மதிப்புரையில், நூலின் கெச்சுவா, ஐமாராத் தரவுகளில் பிழைகள் மலிந்திருப்பதைச் சுட்டினார். லைல் கேம்பல் 1988இல் முறையையே கடுமையாகச் சாடினார். தொகை பெரிதானால் பிழை கரையும் என்ற விடை இங்கு உதவாது. செய்முறை வகுப்பில் நாம் கற்பதென்ன? தாறுமாறான பிழை, பல அளவீடுகளின் சராசரியில் குறையும். ஒரே பக்கம் சாயும் பிழை, ஆயிரம் முறை அளந்தாலும் குறையாது. ஒத்தவற்றை மட்டும் பொறுக்கி, ஒவ்வாதவற்றை விட்டுவிடும் முறை ஒரே பக்கம் சாயும் பிழையாகும்.

காலத்தின் எல்லையும் ஒன்று உண்டு. அடிப்படைச் சொற்கள் நூற்றில் 86 ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் நிலைக்கும் என்று மாரிஸ் சுவாதேஷ் கணித்தார். கதிரியக்கச் சிதைவு போல் மொழிக்கு மாறாத வீதம் இல்லை என்பதால் அக்கணிப்பை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. எனினும் தோராயமாகப் பார்ப்போம். மனிதர் அமெரிக்காவில் பரவிக் குறைந்தது 13,000 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது பிரிந்த இரு மொழிகளில் இக்கணக்கின்படி நூற்றுக்கு 2 சொற்களே பொதுவாக எஞ்சும். நாம் மேலே கொண்ட தற்செயலின் அளவும் அதுவே! குறியும் இரைச்சலும் சமமானபின் எதை எதிலிருந்து பிரிப்பது?

முடிவு

அமெரிக்கப் பூர்வ குடிகளின் மரபணுக்களை ஆராய்ந்தோர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒரே ஆதிக் குழுவின் வழிவந்தோர் என்கின்றனர். அக்குழு ஒரு மொழியையே பேசியிருக்கவும் கூடும். ஆனால் மரபணு தாய் தந்தையரிடமிருந்து மட்டுமே வரும். மொழி அண்டை வீட்டாரிடமிருந்தும், வென்ற அரசனிடமிருந்தும் வரும். ஆகவே ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக நிறுத்த இயலாது.

'அமெரிண்ட்' பொய் என்று நாம் கூறவில்லை, நிறுவப்படவில்லை என்கிறோம். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். கிரீன்பெர்க்கின் நூல் நல்ல கேள்விகளின் களஞ்சியம். விடைகளின் களஞ்சியம் அன்று. அதன் படத்தைப் பாடநூலில் உண்மையாக அச்சிடும்போது இழப்பு ஏற்படுகிறது. துப்பேயின் சிற்றூர்க்காரர் பேசும் மொழியில் மட்டுமே கிடைக்கக்கூடிய வரலாறு, 'எல்லாம் ஒன்றே' என்ற ஒரு சொல்லில் மூடப்பட்டுவிடுகிறது. அம்மொழியைப் பேசுவோர் சில நூறு பேரே. அதை இப்போதே எழுதி வைக்காவிட்டால், சரியான முறை கையிலிருந்தும் சோதிக்கத் தரவு இராது.

உலக மொழிகளெல்லாம் இன்ன மொழியிலிருந்தே பிறந்தன என்று யாரேனும் ஒத்த சொற்களின் பட்டியலை மேடையில் படிக்கும்போது, அந்த மொழி நம்முடையதாகவே இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தற்செயல் எவ்வளவு? கடன் எவ்வளவு? ஒழுங்கான ஒலிவிதி எங்கே? இம்மூன்றுக்கும் விடை வந்தபின் கைதட்டலாம்.