ஹெர்மிஸ்: சிக்கிய பாக்கெட்டைத் தேடி

காஸ்மாஸ் ஹப் என்ற பிளாக்செயினில் டோக்கன் கழிந்துவிட்டது, ஆஸ்மோசிஸ் என்ற இன்னொன்றில் வரவு வைக்கப்படவில்லை. பத்து நிமிடக் கெடுவும் முடிந்துவிட்டது. கெடு முடிந்தால் பணம் தானாகத் திரும்பிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படித் திரும்பாது. ‘அங்கே போய்ச் சேரவில்லை’ என்ற சான்றை யாராவது முதல் பிளாக்செயினிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கான மென்பொருள்தான் ரிலேயர்.

இன்ஃபார்மல் சிஸ்டம்ஸ் நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதிய ஹெர்மிஸ், ரிலேயர்களில் முக்கியமான ஒன்று. அதைப் பருத்திப்பட்டில் என் வீட்டு பிராட்பேண்டிலும் இன்வெர்ட்டரிலும் ஓடும் லினக்ஸ் லேப்டாப்பில் ஏற்றி, இரண்டு சோதனைச் சங்கிலிகளுக்கு (பிளாக்செயின்களுக்கு) நடுவே ஓட்டிப் பார்த்தேன்.

சங்கிலிகளுக்கு இடையே பாக்கெட்டுகளைக் கடத்தும் ஐபிசி நெறிமுறை காஸ்மாஸ் ஹப்பில் 2021 மார்ச்சில் புழக்கத்துக்கு வந்தது. அதன் நடைமுறை, ஒப்புகை அட்டையோடு போகும் பதிவுத் தபாலைப் போன்றது. ஒரு பக்கம் பாக்கெட் பதிவாகும். ரிலேயர் அதைச் சான்றோடு மறுபக்கம் சேர்த்து, ஒப்புகையைத் திரும்பக் கொண்டுவரும். பெறும் சங்கிலி, அனுப்பும் சங்கிலியைப் பின்தொடரும் தன் லைட் கிளையன்டை வைத்துச் சான்றைச் சரிபார்க்கும் என்பதால் ரிலேயரால் பொய்ப் பாக்கெட்டை உள்ளே தள்ள முடியாது. சாவி வைத்திருப்பவர்களை நம்பி ஓடும் பாலங்கள் அப்படியல்ல: 2022 மார்ச்சில் சங்கிலிகளை இணைக்கும் ரோனின் பாலத்தில் ஒன்பது சாவிகளில் ஐந்து களவுபோனதும் 60 கோடி டாலருக்கு மேல் பறிபோனது. ஹெர்மிஸ் ஓடும் கணினியை ஒருவன் கைப்பற்றினாலும், கட்டணத்துக்காக நாம் போட்டு வைத்த தொகைதான் அவனுக்குக் கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இது கற்றுக்கொள்ள வேண்டிய மென்பொருள்.

நிறுவுவது எளிது. ஒரு கான்ஃபிக் கோப்பு, சங்கிலிக்கு ஒரு சாவி, அவ்வளவுதான். சோதனை பழுது பார்க்கும்போதுதான் தொடங்குகிறது.

எனக்கு அதிக நேரம் பிடித்த பழுது இது. ஹெல்த்-செக் கட்டளை எல்லாம் நலம் என்றது. நிலுவைப் பாக்கெட்டுகளைக் கேட்டால் எண்களைச் சரியாகப் பட்டியலிட்டது. ‘கிளியர் பாக்கெட்ஸ்’ கொடுத்தால் மட்டும் எதுவும் நகரவில்லை. சங்கிலியின் தரவுக்காக நான் இணைத்திருந்த பொது நோடு, இடத்தை மிச்சப்படுத்தப் பழைய பிளாக்குகளை அழித்துவிடும் ரகம். பாக்கெட்டின் எண் சங்கிலியின் நிலையில் இருக்கிறது, உள்ளடக்கமோ அழிந்துபோன பழைய பரிவர்த்தனையில் இருந்தது. கேட்ட எண்களுக்கு ஒரு நிகழ்வுகூடக் கிடைக்கவில்லை என்று லாக்கில் ஒரு வரி வரத்தான் செய்தது. ஆனால் சாதாரணத் தகவல் வரிகளுக்கு நடுவே அது கரைந்துபோகிறது. பழைய பிளாக்குகளை வைத்திருக்கும் வேறு நோடுக்கு மாற்றியதும் பாக்கெட்டுகள் கிளம்பின. இவ்வளவு முக்கியமான சேதி எச்சரிக்கையாகவே வர வேண்டும்.

‘அக்கவுண்ட் சீக்வென்ஸ் மிஸ்மேட்ச்’ வந்தால் பெரும்பாலும் ஒரே சாவியை இரண்டு வேலைகள் பிடித்து இழுக்கின்றன என்று பொருள். ஹெர்மிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் கிளியர் கொடுப்பவர்கள் அதற்கென்று தனிச் சாவி வைத்துக்கொள்ளட்டும். பாக்கெட் ‘ரிடண்டன்ட்’ என்று வந்தால் பதற வேண்டாம், வேறொரு ரிலேயர் நமக்கு முன்பே கொண்டுசேர்த்துவிட்டது.

கரண்ட் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் மின்சாரம் போனால் லேப்டாப் தாக்குப்பிடிக்கும், இணையம் தாக்குப்பிடிக்காது. ‘கிளியர்-ஆன்-ஸ்டார்ட்’ இயங்கும்படி வைத்திருந்ததால், மறுபடி தொடங்கியதும் தேங்கியவற்றைத் தானே எடுத்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் ஹெர்மிஸுக்கு முழு மதிப்பெண். ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் நாட்கணக்கில் நிறுத்திவைப்பது ஆபத்து. காஸ்மாஸ் ஹப்பில் ஸ்டேக் செய்த டோக்கனை விடுவிக்க 21 நாள் ஆகும். அந்தச் சங்கிலியைப் பின்தொடரும் லைட் கிளையன்டின் நம்பிக்கைக் காலம் வழக்கமாக அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 14 நாள். அதற்குள் யாரும் புதுப்பிக்காவிட்டால் கிளையன்ட் காலாவதியாகிவிடும். பிறகு சங்கிலியின் உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் மீட்க வேண்டும், நாம் எந்தக் கட்டளை கொடுத்தும் பயனில்லை.

கற்றுக்கொள்ள வீட்டு லேப்டாப் போதும். பிறருடைய பணம் போகும் பாதையில் ஓட்டுவதென்றால் இரு சங்கிலிகளுக்கும் சொந்த நோடு, தடையில்லா மின்சாரம், சாவிக் கணக்கின் இருப்பைக் கண்காணிக்கும் அலாரம் மூன்றும் கட்டாயம். இருப்பு தீர்ந்தால் ரிலேயர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பாக்கெட் மட்டும் போகாது.