உழுத்ததரும் நெய்ம்மிதியும்: புறநானூறு 299ஆம் பாடலில் குதிரைத் தீனி

பொன்முடியார் பாடியனவாகப் புறநானூற்றில் மூன்று பாடல்கள் உள்ளன. அவற்றுள் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோரின் கடமைகளை வரிசைப்படுத்தும் 312ஆம் பாடலை அறியாத தமிழாசிரியர் மலேசியாவில் இருக்க முடியாது. பேச்சுப் போட்டி மேடைகளிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் அப்பாடல் இடம்பெற்றுவருகிறது. அதே புலவரின் 299ஆம் பாடலுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. ஏழே அடிகளால் ஆன அப்பாடலின் பொருள் ஒரு குதிரை தின்ற தீனியும் மற்றொரு குதிரை தின்ற தீனியும் ஆகும். நொச்சித் திணையில், குதிரை மறம் என்னும் துறையில் அப்பாடல் வைக்கப்பட்டுள்ளது. அதனை நாம் வாசித்துவரும் முறையில் ஒரு குறை இருப்பதாக இக்கட்டுரை கருதுகிறது.

பாடலின் செய்தி எளிது. பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூர் ஒன்றின் தலைவனிடம் ஒரு குதிரை இருக்கிறது. அது உழுந்தின் சக்கையைத் தின்றது, தளர்ந்த நடையுடையது. ஆனால் போர்க்களத்தில், கடல்நீரை நெருக்கிச் செல்லும் தோணிபோல அது பகைவரின் படைமுகத்தைப் பிளந்து செல்கிறது. மறுபுறம், மருதநில வளமுடைய மன்னர்களின் குதிரைகள் நெய் பெய்து மிதித்த உணவை உண்டவை, பிடரிமயிர் கொய்து திருத்தப்பட்டவை, மாலை அணிந்தவை. அவையோ, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடக்கூடாத நிலையிலுள்ள மகளிரைப் போல ஒதுங்கி நின்றுவிட்டன.

புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. ஆகவே இப்பாடலுக்கு நாம் கொள்ளும் பொருள் பெரிதும் கடந்த நூற்றாண்டின் உரைகளை ஒட்டியதே. வகுப்பறைகளில் இதற்கு இருவகை விளக்கங்கள் வழங்கிவருகின்றன. வறுமையிலும் வீரம் குன்றாது என்று அறம் கூறுவது முதல்வகை. இவ்விளக்கத்தில் தீனி வெறும் அடையாளமாகிவிடுகிறது. சக்கைக்குப் பதில் வைக்கோல் என்றோ, நெய்க்குப் பதில் தேன் என்றோ இருந்தாலும் பொருள் மாறாது. இரண்டாம் வகை அண்மைக்காலத்தது. பண்டைத் தமிழர் கால்நடை உணவியலை முன்னரே கண்டறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாக இத்தகைய பாடல்களை அடுக்கிக் காட்டுவது அது. முதல்வகை பாடலிலுள்ள குதிரையைக் கவனிப்பதில்லை. இரண்டாம் வகை பாடலையே கவனிப்பதில்லை.

குதிரையைக் கவனித்தால் என்ன கிடைக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். குதிரை அசைபோடும் விலங்கன்று. அதன் உடலளவை நோக்க இரைப்பை மிகச் சிறியது. ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். புல், வைக்கோல், சக்கை போன்ற நார்ப்பொருள்கள் பெருங்குடலிலும் அதையொட்டிய குருட்டுக்குடலிலும் வாழும் நுண்ணுயிர்களால் மெல்ல நொதிக்கப்பட்டு, நீண்டநேரம் நின்று பயன்தரும் ஆற்றலாக மாறுகின்றன. ஆகவே ஒரு குதிரைக்கு நாள்தோறும் அதன் உடல் எடையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது உலர்ந்த நார்த்தீனி வேண்டும் என்பது இன்றைய பொதுவிதி. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது ஏழரைக் கிலோ. மாவுச்சத்து மிகுந்த தானியத்தை ஒரே வேளையில் மிகுதியாக இட்டால், சிறுகுடலில் செரிக்காத பகுதி பெருங்குடலுக்குச் சென்று விரைந்து புளித்து அமிலமாகிறது. கடும் வயிற்றுவலியும் குளம்பின் உட்பகுதியில் அழற்சியும் இதனால் நேர்கின்றன. குளம்பழற்சி கண்ட குதிரை அடியெடுத்து வைக்க மறுக்கும்.

இன்னொரு நோயும் இங்குக் கருதத்தக்கது. ஐரோப்பாவில் வண்டியிழுத்த குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு; ஆனால் தானியம் மட்டும் வழக்கமான அளவிலேயே இடப்படும். மறுநாள் காலை வேலையில் பூட்டியதும் சில குதிரைகளின் பின்தசைகள் இறுகி, அவை வியர்த்து நடுங்கி, நகரமாட்டாமல் நின்றுவிடும். அதனாலேயே ஆங்கிலேயர் அதனைத் திங்கட்கிழமைக் காலை நோய் என்றனர். உழைப்பு நின்றும் தீனி குறையாதபோது வருவது அது. நொச்சி என்பது மதில்காக்கும் திணை. எனவே சிற்றூர்த் தலைவன் உள்ளிருப்பவன் என்றும் தண்ணடை மன்னர் வளைத்துக்கொண்டவர் என்றும் கொண்டால், வளைத்தவர்களின் குதிரைகள் நாள்கணக்கில் கட்டுத்தறியில் நின்று உண்டிருக்கும் என ஊகிக்க இடமுண்டு. பொன்முடியார் ஒரு நோயைக் குறித்தார் என்று கூற இங்கு முற்படவில்லை. அவர் கண்ட காட்சி நடக்கக்கூடியதே என்பதே இதன் பயன். தீனியை வெறும் அடையாளமாக வாசிப்பவர்க்கு அந்தக் காட்சி புலப்படுவதில்லை.

நெய்யைப் பழிப்பதும் சரியன்று. குதிரைக்குப் பித்தப்பை இல்லை. எனினும் சிறிது சிறிதாகப் பழக்கினால் கொழுப்பை அது நன்கு செரிக்கும். இன்று நெடுந்தொலைவு ஓடும் குதிரைகளின் தீனியில் தாவர எண்ணெய் சேர்ப்பது இயல்பான வழக்கம். நெய்ம்மிதி என்னும் சொல்லில் நெய்யோடு சேர்த்து மிதிக்கப்பட்டது எது என்பதே உரிய வினா. சோறாகவோ மாவாகவோ அது இருந்திருந்தால் குற்றம் மாவுச்சத்தின் மேலது, நெய்யின் மேலதன்று. பெரும்பாணாற்றுப்படையில் யானைக்கு இடப்படும் கவளத்துக்கும் இதே அடைமொழி வருகிறது. பாகர் அயர்ந்த வேளை பார்த்துச் சூல்கொண்ட மந்தி அக்கவளத்தைக் கவர்ந்து செல்லும் காட்சி அங்கு உண்டு. ஆகவே நெய்ம்மிதி என்பது யானைக்கும் குதிரைக்கும் பொதுவான அரண்மனை உணவு என்றே தோன்றுகிறது. விலங்கின் உடற்கூற்றைக் காட்டிலும் உரிமையாளனின் தகுதியை ஒட்டி அமைந்த உணவு அது.

இவ்விடத்தில் வடமொழி அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்து 30ஆம் அத்தியாயத்தை ஒப்புநோக்குவது தகும். குதிரைக் கண்காணிப்பாளனுக்கு உரிய அவ்வத்தியாயம் உயர்ந்த குதிரைக்கு நெல் அல்லது வாற்கோதுமை, வேகவைத்த பயறு அல்லது உழுந்து, எண்ணெய், உப்பு, இறைச்சி, தயிர், மது அல்லது பால் எனப் பட்டியலிடுகிறது. ஆயினும் அதே பட்டியலில் பசும்புல்லும் இடம்பெறுகிறது. அதே அத்தியாயம் குதிரை நாள்தோறும் செல்லவேண்டிய தொலைவையும் நடைவகைகளையும் வரையறுக்கிறது. செழிப்பான தீனிக்கு ஈடாக உழைப்பு வைக்கப்பட்டுள்ளது. பொன்முடியாரின் பாடலில் மன்னர் குதிரைகளுக்குத் தீனி உண்டு, அணி உண்டு, உழைப்பு மட்டும் குறிக்கப்படவில்லை.

இதனைப் பாடலின் கட்டமைப்பே காட்டுகிறது. சிற்றூர்க் குதிரையைப் பற்றிப் புலவர் சொல்லும் செய்திகள் இரண்டு மட்டுமே: அது என்ன தின்றது, எப்படி நடந்தது. மன்னர் குதிரைக்குரிய செய்திகள் மூன்று: நெய்ம்மிதி, கொய்த பிடரிமயிர், மாலை. நடை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓய்நடை என்று முன்னதற்கு வந்த நடை, பின்னதில் தண்ணடை என்னும் சொல்லில் ஓசையளவில் மட்டும் மீண்டும் கேட்கிறது. தண்ணடை என்பது தண்மை, அடை எனப் பிரிந்து மருதநிலத்தைக் குறிப்பது. நடையோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால் செவி அப்படிப் பிரித்துக் கேட்பதில்லை. 312ஆம் பாடலில் வேந்தன் நல்குவது நன்னடை என்றும் தண்ணடை என்றும் இருவேறு பாடம் கொள்ளப்படுவதை ஆசிரியர்கள் அறிவர். ஏடெழுதியோர் செவியிலும் இவ்விரு சொற்கள் நெருங்கியே ஒலித்திருக்கின்றன. ஆகவே ஒருவனிடம் குதிரையின் நடை இருக்கிறது, மற்றவரிடம் நிலத்தின் தண்ணடை இருக்கிறது என்னும் எதிர்நிலையைப் புலவர் கருதியே அமைத்தார் எனக் கொள்வது மிகையாகாது.

ஓய்நடை என்பதைப் பசியால் வந்த தளர்ச்சி என்று மட்டும் கொண்டால் அடுத்துவரும் தோணி உவமை பொருந்தாது. தோணி பாய்வதில்லை, ஒரே சீராக உந்திச் செல்வது. விரைவுக்கு உவமை வேண்டியிருந்தால் காற்றும் அம்பும் சங்கப் புலவர்க்கு அரியன அல்ல. விரைவின்றி, நின்று தாங்கும் ஆற்றலைக் குறிக்கவே தோணி வந்தது எனலாம். நார்த்தீனி தரும் ஆற்றலும் அவ்வகையினதே. உழுந்தின் அதர் என்பது விதையின் தோல் மட்டுமா, நெற்றும் கொடியும் சேர்ந்த பொட்டா என்பது தெளிவாக வேண்டும். இரண்டிலும் நாருண்டு, ஓரளவு புரதமும் உண்டு. எதுவாயினும் அது பருத்தி விளையும் புன்செய் ஊரின் சொந்தக் களத்தில் மிஞ்சியது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழியை இங்கு எடுத்துக்காட்டும் ஆசிரியர்களும் உளர். அது மனிதருக்குச் சொன்னது. குதிரைக்குக் கொள்ளு இடுவது அதை இளைக்கவைக்க அன்று.

இனி, இப்பாடலை மறந்ததால் நேர்ந்த ஓர் இழப்பைக் குறிப்பிட வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இங்குள்ளோர் குதிரைக்கு இறைச்சியோடு சமைத்த சோற்றை இட்டனர் என்றும், குதிரை பேணும் முறை அறியாமையால் ஆண்டுதோறும் அவை பெருவாரியாக மாண்டன என்றும் எழுதினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், வறுத்த வாற்கோதுமையையும் வெண்ணெயிட்ட தானியத்தையும் காய்ச்சிய பாலையும் கொடுத்து, கொழுக்கவைப்பதற்காக நாற்பது நாள் தறியில் கட்டிவைத்து, பயிற்சியின்றி ஏறி ஓட்டினர் என்றார். இவற்றை நம்மவர் சிலர் அயலார் கூறிய பழியென்று தள்ளுகின்றனர். வேறு சிலர் தமிழர்க்குக் குதிரையே தெரியாது என்பதற்கு ஆதாரமாக்குகின்றனர். குதிரை வணிகத்தின் ஆதாயம் அரபு, பாரசீகக் கரைகளைச் சேர்ந்தது என்பதையும், கப்பல் கப்பலாகக் குதிரை விற்பவர்க்கு வாங்குபவர் அறியாமை உவப்பான செய்தியே என்பதையும் மறக்கலாகாது. இறைச்சி இடுவது இந்திய அரண்மனை மரபில் புதிதன்று என்பதை அர்த்தசாத்திரமே காட்டுகிறது. ஆயினும் வசாஃப் சொல்லும் கட்டுத்தறியும் கொழுப்பும் பயிற்சியின்மையும் பொய்யென்று எவ்வாறு தள்ளுவது? அவருக்கு ஓராயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய தமிழ்ப் புலவர் ஒருவரே இதே குறையைத் தம் அரசர்களிடம் கண்டு எள்ளியிருக்கிறார். பெருமை பேசுவோரும் சிறுமை பேசுவோரும் தமிழர் என ஒருமையில் பேசுகின்றனர். பொன்முடியாரின் பாடலிலோ இரண்டு தமிழர் இருக்கின்றனர். இரண்டு தொழுவங்கள் இருக்கின்றன.

கோலாலம்பூரில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்க்குத் தொழுவம் எட்டாத பொருளன்று. இரட்டைக் கோபுரம் நிற்கும் அம்பாங் சாலை நிலம் 1896 முதல் ஏறத்தாழ நூற்றாண்டுக் காலம் சிலாங்கூர் குதிரைப்பந்தயத் திடலாக இருந்தது; 1990களில் பந்தயம் சுங்கை பீசிக்கு மாறியது. தமிழர் உள்ளிட்ட இந்தியக் குதிரைக்காரர்களின் உழைப்பு அத்தொழிலில் கலந்திருக்கிறது. அவர்களைக் குறித்த சைஸ் என்னும் சொல், மலாயாவில் பின்னர் கார் ஓட்டுநருக்கும் வழங்கியது தனிக்கதை. இந்நாட்டில் ஓட்ஸ் விளைவதில்லை. அது கப்பலில் வருகிறது. பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரை கடல்வழி வந்தது. இங்குக் குதிரையின் உணவும் அப்படியே. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் காற்றில் வியர்வை எளிதில் உலராது. எனவே வியர்வையில் இழக்கும் உப்பையும் நீரையும் ஈடுசெய்வது இங்குத் தீனியைப் போலவே இன்றியமையாதது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ புறநானூறு பயிலும் மாணவர் குதிரையைத் தொட்டுப் பார்த்திராவிட்டாலும், தீனிக்கும் ஓட்டத்திற்கும் உள்ள தொடர்பைப் பந்தயக் குதிரையைக் காட்டி விளக்கமுடியும்.

வகுப்பில் இடர்தருவது தீனியன்று, இறுதி உவமை. கலந்தொடா மகளிர் என்பது மாதவிலக்கான பெண்களைக் குறிக்கும் என்பதால் ஆசிரியர் பலர் அதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். சிலர் கோழைமைக்கு உவமை என்று முடித்துவிடுகின்றனர். இரண்டும் பொருந்தா. அம்மகளிர் கோழைகள் அல்லர். கோயிலுக்கு வந்தும் தம் உடலின் அப்போதைய நிலையாலும் தெய்வத்தின் மேலுள்ள அச்சத்தாலும் ஒதுங்கி நிற்பவர்கள். அவ்விலக்கு நியாயமா என்பது வேறு வினா. மாணவியர் அதைக் கேட்டால் மறைக்காமல் பேசுவதே முறை. பாடலின் நோக்கில், நிற்பதற்குக் காரணம் உடலில் இருக்கிறது. மன்னர் குதிரைகளைப் புலவர் பிறவிக் கோழைகள் எனவில்லை. களத்துக்கு வந்தும் களத்தில் இறங்கவொண்ணா நிலையில் உள்ளன என்கிறார். அந்நிலையை உண்டாக்கியது எது என்பதற்கு அவர் தரும் குறிப்பு, அக்குதிரைகளைப் பற்றி அவர் கூறும் முதற்சொல்லான நெய்ம்மிதியே. இவ்வுவமையை விட்டுவிட்டுக் கற்பித்தால் அக்குறிப்பும் உடன் விடுபட்டுப்போகிறது.